உனக்கொரு சீதன நாகு

சிவமயம்

நோர்பரி,
லண்டன்.
12.03.1991

என்ர அன்பு மகள் நிர்மலாவுக்கு அம்மா எழுதுறது. வற்றாப்பளை அம்மாளாச்சியின்ர புண்ணியத்திலை இஞ்சை எல்லாரும் சுகமாய் இருக்கிறம். நீயும் உந்தப் பனிக்குள்ளை கை கால் விறைக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கோணும் எண்டுதான் காலமை எழும்பின உடனை கும்பிடுறன். கனடாவிலை நீ இருக்கிற ஊரின்ர பேர் இன்னும் என்ர வாயிலை வருகுதில்லை, அம்மாளாச்சிக்கு விளங்கும் எண்டு விட்டிட்டன். உன்ர கடிதமும் படங்களும் கிடைச்சுக் கொஞ்ச நாளாச்சு. ஏன் இந்தக் கிழவி பதில் போடாமல் இருக்கிறாள் எண்டு நினைச்சிருப்பாய். நீ கேட்டது என்ன, முருங்கைக்காய் விலையே, உடனை எழுதிப்போட? ரோமன் எண்ட அந்த வெள்ளைக்காரப் பெடியனைக் கட்ட என்ர சம்மதம் வேணும், அம்மா ஓமெண்டால்தான் நாள் வைப்பன், நீங்கள் வந்து நிக்காமல் கலியாணமும் இல்லை எண்டு எழுதிப்போட்டாய். அதை வாசிச்சதிலை இருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை. அதுவும் கடிதத்தை உரத்து வாசிச்சது கொண்ணன். வீட்டுக்கு வாற எல்லாக் கடிதத்தையும் அவன்தானே உடைக்கிறவன். பாதியிலை நிப்பாட்டிப்போட்டு, பேராதனையிலையும் கனடாவிலையும் படிச்சு மாட்டு டொக்டராகினது கடைசியிலை ஒரு மாடு மேய்க்கிறவனைப் பிடிக்கத்தானோ எண்டு கேட்டான். அவன்ர பெண்சாதி வசந்தமலர் வெங்காயத்தை அரிஞ்சபடி நிண்டாள். நான் ஓமெண்டு எழுதினால் தான் உன்னோடை ஒரு நாளும் கதைக்கமாட்டனாம், தனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லையாம்.

அவனைக் கோவிக்காதை பிள்ளை. உனக்கு அவன் அண்ணன், எனக்கு அவன் என்ர வயித்திலை பிறந்தவன், இப்ப அவன்ர வீட்டிலைதான் நான் சோறு தின்னுறன். பெற்றோல் ஷெட்டிலை இரவு ஷிப்ட், விடிய வந்து படுத்து எழும்பிக் கடைக்குச் சாமான் ஏத்த ஓடுறான், முகத்தைப் பார்த்தால் கொப்பாவின்ர கடைசிக் காலத்து முகம் மாதிரிக் கிடக்கு. அவனுக்கு மாடு எண்டால் பிடியாது எண்டு உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலை ஹொஸ்டலிலை விட்டுப் படிப்பிக்கேக்கை, சாணி நாத்தம் வருகுது, வன்னி மாடு வந்திட்டுது எண்டு பெடியள் மூக்கைப் பொத்தினவங்கள். லீவுக்கு வந்து அழுதவன். படிக்காட்டில் மாடுதான் மேய்க்கோணும் எண்டு கொப்பாவும் சொல்லிச் சொல்லித்தான் உங்கள் ரெண்டு பேரையும் வளர்த்தவர். அந்த மாட்டாலைதான் உங்கட ஹொஸ்டலும் கொப்பியும் வந்தது எண்டதை மட்டும் அவர் ஒரு நாளும் சொல்லேல்லை. இப்ப கோயிலிலை ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது எண்டு கொண்ணன் பயப்பிடுறான். சொல்லட்டும், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இஞ்சை என்ர நாள் எப்பிடிப் போகுது எண்டு கேட்டிருந்தாய். போகுது எண்டு சொல்ல ஏலாது, நிக்குது. காலமை எல்லாரும் வெளிக்கிட்டுப் போட்டினம் எண்டால் கதவு சாத்துற சத்தம்தான் கடைசியாய்க் கேக்கிற சத்தம். பேந்து ஹீற்றர் குழாய் டக்கு டக்கெண்டு அடிக்கும். யன்னலாலை பார்த்தால் குரோய்டனுக்குப் போற பஸ், திரும்பி வாற பஸ். பேரன் பள்ளிக்கூடத்தாலை வந்து என்னைப் பார்த்து ஹலோ எண்டு சொல்லிப்போட்டு டீவிக்கு முன்னாலை இருந்திடுவான், பாவம், நான் சொல்லுறதிலை பாதி அவனுக்கு விளங்காது, அவன் சொல்லுறதிலை எனக்கு ஒண்டும் விளங்காது. பின் வீதியிலை இருக்கிற பியற்றிஸ் ரீச்சர், மன்னார் ஆள், இடைக்கிடை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவா. மற்றபடி வாய் ஒட்டிப்போய்க் கிடக்கு. உனக்குப் பொய் எழுத எனக்கு விருப்பமில்லை, நான் இஞ்சை தனிச்சுப் போனன் பிள்ளை. கலியாணம் கட்டின புதுசிலை கிளிநொச்சிக் காட்டுக்குள்ளை இருந்த காலத்திலை கூட இப்பிடி இல்லை.

சரி, விசயத்துக்கு வாறன். போன கடிதத்திலை நான் உன்னை, அவை என்ன ஆக்கள், தாய் தேப்பன் ஆர், எந்தப் பகுதி, எப்பிடிப்பட்ட குடும்பம் எண்டு விசாரிச்சு எழுதச் சொல்லிக் கேட்டன். விசாரிக்காமல் பெண் குடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. நீ சிரிச்சிருப்பாய், ஆனால் ரோமன்ர தாயிட்டைக் கேட்டு அவையின்ர பூட்டன் பூட்டி காலத்துக் கதை முழுக்க எழுதி அனுப்பிப்போட்டாய். கொண்ணன் அந்தத் தாள்களைக் கையாலையும் தொடேல்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடியிலை இருந்து நானாகவே எழுத்துக் கூட்டி வாசிச்சன். வாசிச்சு முடிஞ்சு, அடுப்பிலை பருப்புக் கருகினது கூடத் தெரியாமல் திரும்பவும் வாசிச்சன்.

அந்தப் பூட்டி அன்னாவை எனக்கு மறக்க ஏலாமல் கிடக்கு. உக்ரைனிலை இருந்து கப்பலிலை வந்து, பேந்து ரயில், பேந்து மாட்டு வண்டில், கடைசியிலை இறங்கிப் பார்த்தால் ஒரு மரம் இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் புல்லு. என்ன விசர்க் கதை எண்டு நினைச்சன், எங்களுக்கு மரம் வெட்டி வெட்டிக் கை வெடிச்சுது, அவைக்கு வீடு கட்ட ஒரு தடி கிடைக்கேல்லை. புல்லுப் பத்தையை மண்ணோடை கல்லு மாதிரி வெட்டி அடுக்கி வீடு கட்டினவையாம். மழை விட்டாலும் கூரை நாள்கணக்கிலை ஒழுகுமாம். மாரி தொடங்கப் பூட்டன் றெயில்பாதை போடுற வேலைக்குப் போட்டார், இவள் கைப்பிள்ளையோடையும் ஒரு பசுவோடையும் தனிய. பனிப்புயல் வந்தால் முன்னாலை நீட்டின கை தெரியாதாம், அதாலை வீட்டு வாசலிலை இருந்து மாட்டுக் கொட்டில் மட்டும் ஒரு கயிறு கட்டி, அதைப் பிடிச்சுப் பிடிச்சுப் போய்த்தான் பால் கறந்தவளாம். குளிர் தாங்காமல் போன நாளிலை பசுவை வீட்டுக்குள்ளையே கொண்டுவந்து, பிள்ளையையும் அணைச்சுக்கொண்டு அதின்ர வயித்தோடை ஒட்டிப் படுத்தவளாம். அப்பிடியும் அந்தப் பிள்ளை தங்கேல்லை. புல்லுக்குள்ளை தானே குழி வெட்டித் தாட்டவள் எண்டு எழுதியிருக்கிறாய், அந்த இடத்தை இண்டைக்கும் அவை உழுறேல்லை எண்டதை வாசிச்சிட்டு நான் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டன். மாரி முழுக்க ஒரு மனிசரையும் காணாமல் பசுவோடையே கதைச்சு, பனி கரைய, வேலைக்குப் போன மனிசன் திரும்பி வந்து கூப்பிடேக்கை, பசுவை அதட்டுற குரலிலை தள்ளி நில்லு எண்டு சொன்னவளாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இந்த வீட்டிலை நான் தனியச் சிரிச்சது அண்டைக்குத்தான்.

பிறகு ஒரு மாரியிலை பட்டி முழுக்கப் புயலிலை செத்துப்போக, மிச்சம் இருந்த பசுக்கண்டுகளோடை அவள் திரும்பத் தொடங்கினவள், வண்டில் சில்லின்ர இரும்பை வளைச்சு, தன்னட்டை இருந்த ஒரே சட்டியைக் கவிழ்த்த மாதிரிக் குறிக்கம்பி செய்து மாட்டுக்குச் சுட்டவள், அந்தக் கவிழ்த்த சட்டிதான் இண்டைக்கும் அவையின்ர பட்டிக்குறி. இது போதும் பிள்ளை. அவை என்ன ஆக்கள் எண்டு நான் இனி ஆரிட்டையும் விசாரிக்கத் தேவையில்லை.

ஆனால் கடிதத்தின்ர முடிவிலை ஒண்டு எழுதியிருந்தாய், அதிலைதான் நான் திடுக்கிட்டன். நீங்கள் கேட்ட மாதிரி ரோமன்ர தாயும் கேக்கிறா, உங்கட ஆக்கள் என்ன ஆக்கள் எண்டு. எட அம்மாளாச்சி, எங்களையும் விசாரிக்கினம்! நியாயம்தானே. எழுதுறன், இதை அவைக்கு இங்கிலீசிலை வடிவாய்ச் சொல்லு.

எங்களுக்கு யாழ்ப்பாணத்திலை ஒரு துண்டு நிலம் இல்லை எண்டுதான் கொப்பா, தியாகராசா, கிளிநொச்சிக் குளத்துக்குக் கீழை அரசாங்கம் குடுத்த காட்டுக் காணியை எடுத்தவர். என்னை அவருக்குப் பேச, சுழிபுரத்திலை என்ர அப்பு குதிச்ச குதி இருக்கே, காய்ச்சலும் யானையும் இருக்கிற காட்டுக்கோ நான் பெண் குடுக்கிறது எண்டு. இப்ப கொண்ணன் குதிக்கிறதைப் பார்க்க எனக்கு அப்புவைத்தான் நினைவு வருகுது. அம்மாவும் மாமாவும் நிண்டு கட்டி வச்சவை, அப்பு பந்தலுக்கு வரேல்லை. நான் போய் இறங்கினது காட்டுத்தடியிலை கட்டின ஒரு கொட்டிலுக்கு. கொப்பா பகல் முழுக்க மரம் வெட்டி வேர் கிண்டுவார், இருட்டினால் தகரத்தை எடுத்துக்கொண்டு யானைக் காவலுக்குப் பரணிலை ஏறிடுவார். பக்கத்துக் காணிக்காரரும் காய்ச்சலிலை கிடந்து ஊரோடை போட்டினம். எனக்குக் கதைக்க ஒரு பொம்பிளை இல்லை. அப்பத்தான் அம்மா, அப்புவுக்குத் தெரியாமல், ஒரு வண்டில்காரனிட்டைச் சொல்லி எனக்கொரு சீதன நாகு, இன்னும் கண்டு போடாத இளம் பசு, அனுப்பினவ. செம்மண் நிறத்திலை நல்ல சிவலை நாகு, நெத்தியிலை வெள்ளை, அதாலை சுட்டி எண்டு பேர். உனக்குச் சுட்டியைத் தெரியாது, அது உனக்கு முந்தின காலம். அதோடைதான் நான் கதைச்சது. அம்மாவுக்குச் சொல்ல ஏலாததை, கொப்பாவுக்குச் சொன்னால் கவலைப்படுவார் எண்டதை எல்லாம் அதின்ர காதுக்குள்ளை சொல்லிச் சொல்லித்தான் பால் கறந்தனான். எங்கட பட்டி முழுக்க அந்த ஒரு மாட்டாலை வந்தது. அன்னாவைப் பற்றி வாசிக்கேக்கை நான் ஏன் கண்ணாடியைக் கழட்டி வச்சனான் எண்டு இப்ப விளங்குதே? அவளுக்கும் ஒரு பசு இருந்துது. எனக்கும் இருந்துது. இந்த நோர்பரியிலை எனக்குக் கதைக்க ஒரு மாடு கூட இல்லை.

அப்பு என்ர வீட்டைக் கடைசி மட்டும் வரேல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவார் வருவார் எண்டு வாசலைக் கூட்டி, றோட்டைப் பார்த்துப் பார்த்து நிண்டு, பட்டியை அவிட்டுவிடப் பிந்தி, கண்டெல்லாம் கத்தும். ஆரோ ஒருத்தரின்ர வரவைப் பார்த்துக்கொண்டு நிண்டால் வேலைதான் கெடும் எண்டு பேந்துதான் விளங்கினது. பேந்து நல்ல காலம் வந்தது, நீங்கள் பிறந்தியள், பட்டி பெருகினது, கொப்பா வேலும் பிறையும் வச்சு எங்கட பட்டிக்குறியைச் செய்விச்சார். அவர் போன பிறகும் நான் அந்தப் பட்டியைக் கைவிடேல்லை. போன வருசம் சண்டை கிட்ட வந்து, எல்லாரும் ஓடேக்கை, நான் படலையைத் திறந்து விட்டிட்டுத்தான் வந்தன். கட்டி வச்சால் பசியிலை செத்திடும். அதுகள் போகேல்லை, திறந்த படலைக்குள்ளையே நிண்டு என்னைப் பார்த்ததுகள். நான்தான் கல்லெறிஞ்சு கலைச்சன். இப்ப எங்கை கட்டாக்காலியாய்த் திரியுதுகளோ, ஆரின்ர தோட்டத்திலை அடி வாங்குதுகளோ. குறியைப் பார்த்து, இது தியாகராசாவின்ர மாடு எண்டு சொல்ல அங்கை இப்ப ஆர் இருக்கினம்? சில நேரம் இந்த யன்னலடியிலை இருக்க, நானும் ஒரு கட்டாக்காலிதான் எண்டு நினைப்பு வரும்.

அவை மாட்டை இறைச்சிக்குத்தான் வளர்க்கினம் எண்டு மறைக்காமல் எழுதினது நல்லது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனால் எங்கட கிழட்டு மாடுகளையும் ஏவாரி வந்து பிடிச்சுக்கொண்டு போகேக்கை, எங்கை கொண்டு போறாய் எண்டு நாங்கள் கேட்டனாங்களே? கேட்டால் பதில் தெரியும் எண்டுதான் கேக்கேல்லை. அதாலை அந்த விசயத்திலை அவையை விட நாங்கள் திறம் எண்டு நான் சொல்லவரேல்லை. நீ தின்னுறேல்லை எண்டால் போதும்.

இப்ப நான் சொல்லுறதை வடிவாய்க் கேள். கலியாணத்துக்கு அவையின்ர வழக்கப்படி மருமகளுக்கு ஒரு நாகு குடுப்பினம், அதுக்குக் கவிழ்த்த சட்டி போட்டுத் தருவினம் எண்டு பகிடியாய் எழுதியிருக்கிறாய். இது பகிடியில்லை. வன்னியிலை பழைய ஆக்களின்ர வழக்கம் உனக்கு மறந்துபோச்சு. சீதனமாய்ப் போற மாட்டிலை பெண் வீட்டுக் குறிதான் இருக்கோணும், அதை அழிக்கவும் கூடாது, மேலை சுடவும் கூடாது. அது போடுற கண்டுகளுக்குத்தான் மாப்பிள்ளை வீட்டுக் குறி. ஒரு பட்டியைப் பார்த்த உடனை, இந்தப் பசு இன்னார் வீட்டுப் பெண்ணோடை வந்தது எண்டு றோட்டாலை போறவனும் சொல்லுவான். நீ அங்கை அவையின்ர பட்டிக்குள்ளை வந்து ஏறின கட்டாக்காலி இல்லை. உனக்கு ஒரு வீடு இருந்துது, தேப்பன் இருந்தவர், பட்டி இருந்துது. அதாலை அந்த முதல் நாகுக்கு எங்கட வேலும் பிறையும்தான் போடோணும். அங்கை அதுக்குச் சட்டம் கிட்டம் இருந்தால் அவையைக் கேட்டு முறைப்படி செய். நாகு அவையின்ரதாய் இருக்கட்டும், குறி எங்கட. அதை ஒரு நாளும் விக்கக்கூடாது, கறிக்கும் குடுக்கக்கூடாது, கிழண்டு தானாய்ச் சாகும் மட்டும் நிக்கோணும் எண்டு ரோமனிட்டை என்ர பேரைச் சொல்லிக் கேள். ஓமெண்டு சொன்னால் அவன் என்ர மருமகன்.

குறியைக் கீறி அனுப்புவம் எண்டு நேற்றுப் பின்னேரம் இருந்தன், பிறை எந்தப் பக்கம் பாக்கும் எண்டு எனக்கு மறந்துபோச்சு. எத்தினை கண்டைப் பிடிச்சுக் குடுத்திருப்பன், மறந்துபோச்சு பிள்ளை, அழுகை வந்திட்டுது. கொண்ணன் ஷிப்டுக்கு வெளிக்கிட்டு சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டவன். ஒளிச்சுச் செய்யிறது என்ர பழக்கமில்லை எண்டு உனக்குத் தெரியும், நான் அவளுக்கு ஓமெண்டு எழுதப்போறன் எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டு, பிறை எந்தப் பக்கமடா எண்டு கேட்டன். மற்றச் சப்பாத்தின்ர கயிறையும் கட்டி முடிச்சான். பேந்து என்ர கையிலை இருந்த பேனையை வாங்கி, நிண்ட நிலையிலை, ஒரு இழுவையிலை வேலையும் பிறையையும் கீறித் தந்திட்டு ஷிப்டுக்குப் போட்டான். மாட்டைக் கண்டால் மூக்கைச் சுழிக்கிற பெடியன். அந்தத் தாளைத்தான் இதுக்குள்ளை வச்சிருக்கிறன். கலியாணத்துக்கு வருவானோ, உன்னோடை கதைப்பானோ, எனக்குத் தெரியாது, நான் வாக்குத் தரமாட்டன். கீறினது அவன்தான் எண்டதை மட்டும் தெரிஞ்சுகொள்.

அப்ப என்ர பதில் ஓம். சந்தோசமாய் ஓம். ஆனால் நான் வந்து நிண்டால்தான் கலியாணம் எண்ட கதையை விடு. விசா விசயமாய் என்ர பாஸ்போட் குரோய்டன் விசா ஒஃபிசிலை கிடக்கு, முடிவு வர இன்னும் காலம் எடுக்கும், அதுக்கிடையிலை வெளியிலை போனால் திரும்பி வர ஏலாது எண்டு லோயர் சொல்லிப்போட்டார். எனக்கு உன்னைக் கூறைச் சீலையோடை பார்க்க ஆசையில்லையே? இருக்கு, சொல்லி முடியாத ஆசை. ஆனால் ஒருத்தருக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டு நிண்டு நீயும் கண்டுகளைக் கத்த விடாதை. பனி கரைஞ்ச உடனை நாளை வை. அவையின்ர கோயிலிலை எண்டாலும் பரவாயில்லை, தாலியை மட்டும் கட்டச் சொல்லு, கட்டேக்கை கிழக்கைப் பார்த்து நில்லு.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ளை போடப்போறன். முத்திரை பியற்றிஸ் ரீச்சர் தந்தவ. இந்த ஊரிலை நான் தனிய றோட்டைக் கடக்கப்போறது இதுதான் முதல்தரம், அம்மாளாச்சி துணை. காதை மூடிக்கட்டாமல் வெளியிலை திரியாதை, மாட்டுக்கு ஊசி போடேக்கை பின்னங்காலுக்குக் கிட்ட நில்லாதை, டொக்டர் எண்டு மாட்டுக்குத் தெரியாது. ரோமன்ர தாய்க்கு என்ர அன்பைச் சொல்லு, அன்னாவைத் தாட்ட இடத்திலையும் அந்தப் பிள்ளையைத் தாட்ட இடத்திலையும் என்ர பேரிலை ஒரு பூ வை.

நீ அனுப்பின படத்திலை அவையின்ர மாடெல்லாம் சிவலை, முகத்திலை வெள்ளை. அதாலை நாகுக்குப் பேர் தேடி அலைய வேண்டாம், சுட்டி எண்டே வை. அதோடை இங்கிலீசிலை கதைக்காதை, தமிழிலை கதை, தண்ணி காட்டேக்கையும் தமிழிலை கூப்பிடு. எப்பவோ ஒரு நாள் நான் அந்தப் படலைக்கு வந்து நிண்டு சுட்டி எண்டு கூப்பிடேக்கை, அது தலையைத் திருப்பி என்னைப் பார்க்கோணும்.

நீயும் அவனும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிற,

உன்ர அம்மா
தி. அருமைநாயகி